களிம்புக் குழாயும் கடலடிப் பவளமும்

சென்ற கோடையில் நம் பக்கத்து வீட்டு இளைஞர், மணமான மூன்றாம் மாதம், மனைவியோடு அந்தமான் தீவுகளுக்குப் பயணப்பட்டார். புறப்படுவதற்கு முந்திய மாலை, கையில் ஒரு நீலநிற டியூபுடன் நம் வீட்டுப் படியேறினார். சன்ஸ்கிரீன் என்று கடைகளில் விற்கப்படும் வெயில்காப்புக் களிம்பு அது. "சார், கடலுக்குள்ள இறங்கிப் பவளப்பாறை பாக்கப் போறோம். சாதாரண கிரீம் பூசிக்கிட்டு இறங்கினா பாறைக்குக் கெடுதல்னு சொன்னாங்க. அதனால தேடிப் பிடிச்சு இதை வாங்கினேன். சரிதானே?" என்றார். டியூபின் முகப்பில் செந்நிறப் பவளக்கொடி ஒன்று. அதன் கீழே, 'பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள்.

அப்பிள்ளையின் நல்லெண்ணத்தை நாம் மனமார மெச்சினோம். கடலடியில் வாழும் வாயில்லா உயிர்களை எண்ணிக் கடைகடையாய் ஏறி இறங்குவோர் எத்தனை பேர்? ஆயினும் வயது நமக்குக் கற்றுத்தந்த ஒரு வழக்கம் உண்டு. முன்புறத்தைப் படிப்பதற்கு முன் பின்புறத்தைப் படிப்பது. பூதக் கண்ணாடியை எடுத்து, எறும்பு ஊர்ந்தது போன்ற பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் கூட்டி வாசித்தோம். அவோபென்சோன், ஹோமோசலேட், ஆக்டிசலேட், ஆக்டோகிரைலீன் என வரிசை நீண்டது. ஆக்சிபென்சோன் இல்லை, ஆக்டினாக்சேட்டும் இல்லை. இவ்விரண்டும் இல்லை என்பதே முகப்பில் உள்ள அந்தப் பெருமிதத்திற்கு ஆதாரம்.

பசிபிக் பெருங்கடலில் பலாவ் என்றொரு குட்டி நாடு உண்டு. அதன் மக்கள்தொகை 20,000-க்கும் குறைவு. அந்நாடு 2018-இல் ஒரு சட்டம் இயற்றி, 2020 சனவரி முதல் நாளிலிருந்து, 10 வேதிப்பொருள்களுள் எதைக் கொண்ட வெயில்காப்புக் களிம்பையும் விற்கக் கூடாதெனத் தடுத்தது. அப்பத்தில் ஆக்டோகிரைலீனும் ஒன்று. அமெரிக்க வர்ஜின் தீவுகளிலும் அதற்குத் தடை உண்டு. ஆக, நம் இளைஞர் கையிலிருந்த அந்த டியூப் பலாவின் கடைகளில் விற்கத் தகாத பண்டம். நம் ஊர்க் கடையிலோ அதுவே பவளத்தின் காவலன்! ஒரே களிம்பு ஒரு கரையில் குற்றவாளியாகவும் மறுகரையில் புண்ணியவாளனாகவும் இருப்பது எங்ஙனம்?

விடை எளிது. அந்தச் சொற்றொடருக்கு எந்தச் சட்டத்திலும் பொருள் இல்லை. வெயில்காப்புக் களிம்பை அழகுப் பொருளாகக் கருதாமல் மருந்தாகவே கருதிக் கட்டுப்படுத்தும் அமெரிக்காவில்கூட, அதன் உணவு, மருந்து நிருவாகம் அச்சொற்றொடருக்கு வரையறை எதையும் தரவில்லை. இன்ன சோதனையில் தேறினால் இம்முத்திரை என்று பொது அளவுகோல் ஏதும் கிடையாது. விற்பவன் தானே எழுதி, தானே கையெழுத்திட்டு, தானே தன் மார்பில் குத்திக்கொள்ளும் பதக்கம் அது. தங்கத்திற்கு முத்திரை உண்டு. எண்ணெய்க்கும் மிளகாய்த் தூளுக்கும் தர அடையாளம் உண்டு. பவளத்தின் உயிருக்கு மட்டும் விற்பனைக்காரனின் வாய்ச்சொல்லே போதுமாம். இதைப் பொய் என்று சொல்லத் தயங்குவோர் 'மிகைப்படுத்தல்' என்று சொல்லிக்கொள்ளட்டும். நாம் பொய் என்றே சொல்கிறோம்.

பவளம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கழுத்து மாலை. கடலடிப் பாறை என்பது உயிரற்ற கல் என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்பாறையைக் கட்டுவது விரல்நுனி அளவுள்ள, பூப்போன்ற உணர்கைகளைக் கொண்ட சிற்றுயிர். ஆயிரமாயிரமாய்க் கூடி வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்து, தலைமுறை தலைமுறையாய் வீடு கட்டும் கொத்தனார் கூட்டம் அது. அதன் தசைக்குள்ளே ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வீடு கொடுப்பது பவளம். கதிரொளியில் சமைத்துச் சோறு போடுவது பாசி. பவளத்திற்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரை அப்பாசியே தருகிறது. நிறத்தைத் தருவதும் அதுவே. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 பாகை செல்சியசு கூடி, சில வாரங்கள் நீடித்தால் போதும். இந்த ஒப்பந்தம் முறிகிறது. பாசி வெளியேற்றப்படுகிறது. பவளம் எலும்பு போல் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும், தணியாவிட்டால் மடியும். கடற்படுகையின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இப்பாறைகளை அண்டித்தான் கடலுயிர் வகைகளில் ஏறத்தாழ கால் பங்கு பிழைக்கிறது.

இதில் களிம்புக்கு என்ன பங்கு? ஆய்வுகள் சொல்வதைச் சொல்லாததோடு கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். 2008-இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர், குளிப்போரின் உடலிலிருந்து 20 நிமிடங்களில் குறைந்தது கால் பங்குக் களிம்பு நீரில் கரைந்துவிடும் எனக் கணக்கிட்டனர். அக்களிம்பு பவளத்தை வெளிறச் செய்வதையும் கண்டனர். 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆக்சிபென்சோன் பவளத்தின் இளவுயிரிகளை உருக்குலைப்பதைக் காட்டியது. ஹவாய்க் கடற்கரை நீரில் லிட்டருக்கு 0.8 முதல் 19.2 மைக்ரோகிராம் வரை அப்பொருள் இருந்ததாகவும் அவ்வாய்வு தெரிவித்தது. சட்டங்கள் பிறக்க வித்திட்டது இதுவே.

நம்மை மிகவும் உலுக்கியது 2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. பவளத்தின் நெருங்கிய உறவான கடற்சாமந்தியை ஆக்சிபென்சோன் கலந்த நீரில் வளர்த்தனர். புறஊதாக் கதிர் படாத தொட்டியில் அவை பிழைத்திருந்தன. வெயிலை ஒத்த ஒளி பட்ட தொட்டியில் 17 நாள்களுக்குள் அத்தனையும் மடிந்தன. காரணம் வியப்பானது. நம் தோலின் மீது ஆக்சிபென்சோன் கதிரை உறிஞ்சி, வெறும் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடுகிறது. கடற்சாமந்தியோ தன்னுள் புகுந்த அந்நியப் பொருளைக் கழித்து அகற்ற எண்ணி, அதனோடு ஒரு சர்க்கரை மூலக்கூற்றை இணைக்கிறது. இணைந்த மாத்திரத்தில் அதன் குணம் தலைகீழாகிறது. கதிரைத் தணித்த பொருள், அதே கதிரைக் கொண்டு உயிரணுக்களைச் சிதைக்கும் நஞ்சாகிறது. நமக்குக் கேடயமாயிருந்தது அதற்குக் கத்தியாகிறது. இன்னொன்றும் கண்டனர். பவளத்தினுள் இருக்கும் பாசிகள் இந்நஞ்சைத் தம்முள் வாங்கிக்கொண்டு வீட்டுக்காரனைக் காக்கின்றன. வெப்பத்தால் பாசியை இழந்து வெளுத்த பவளத்திற்கு அந்தக் காவலும் இல்லை.

இவ்விடத்தில் களிம்பு வணிகர் ஒரு கேள்வி எழுப்புவர். அதை மறைப்பது முறையன்று. "ஆய்வுக்கூடத் தொட்டியில் இட்ட அளவு எங்கே, கடலில் உள்ள அளவு எங்கே?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். தொட்டியில் இட்டது கடலில் பெரும்பாலும் காணப்படும் அளவைவிட மிக அதிகம். கடலில் எவ்வளவு இருக்கிறது என்பதிலும் அளவீடுகள் இடத்துக்கு இடம் பன்மடங்கு வேறுபடுகின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2022-இல் அளித்த அறிக்கையும், இப்பொருள்களால் நீர்வாழ் உயிர்களுக்கு நேரும் ஆபத்தை அரசு முறையாக மதிப்பிட வேண்டும் என்று கேட்டதேயன்றி, முடிந்த தீர்ப்பாக எதையும் எழுதிவிடவில்லை. ஆனால் இதே ஐயம் எவர் பக்கம் சாய வேண்டும்? 'கெடுதல் என்று முழுதும் மெய்ப்பிக்கப்படவில்லை' என்பதிலிருந்து 'பாதுகாப்பானது' என்ற பதக்கத்திற்கு ஒரே தாவலில் தாவுவது எந்தத் தருக்கம்? ஐயம் இருக்கிறது என்றால் வாயை மூடிக்கொண்டு விற்கட்டும். பவளத்தின் படத்தைப் போட்டு விற்க வேண்டாம்.

சரி, சட்டம் இயற்றிய இடங்களில் என்ன நடந்தது? ஹவாய் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 சூலையில் அதன் ஆளுநர் டேவிட் இகே கையெழுத்திட்ட சட்டம், ஆக்சிபென்சோனும் ஆக்டினாக்சேட்டும் கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதை 2021 சனவரி முதல் நாளிலிருந்து தடுத்தது. உலகமெங்கும் கைதட்டல். நாமும் தட்டினோம். ஆயினும் அச்சட்டம் தடுத்தது விற்பனையை மட்டுமே. வெளியூரிலிருந்து பெட்டியில் எடுத்து வந்து பூசிக்கொள்வதை அது தொடவில்லை. 2019-இல் அத்தீவுகளுக்கு வந்த விருந்தினர் ஒரு கோடிக்கும் மேல்! அத்தனை பேரின் பெட்டிகளையும் யார் திறந்து பார்ப்பது? பின்னர் 2022 அக்டோபரில் மாவி மாவட்டம் ஒரு படி மேலே சென்று, கனிமக் களிம்புகளைத் தவிர மற்றவற்றை விற்பது மட்டுமன்றிப் பயன்படுத்துவதையும் தடுத்தது. தாய்லாந்து 2021-இல் தன் கடல்சார் தேசியப் பூங்காக்களில் நான்கு பொருள்களைத் தடைசெய்து, மீறுவோருக்கு ஒரு லட்சம் பாட் வரை அபராதம் என்றது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் நகரம் 2019-இல் இயற்றிய தடையையோ, நடைமுறைக்கு வருமுன்னரே மாநில அரசு 2020-இல் செல்லாக் காசாக்கிவிட்டது. ஊர் மன்றத்தின் குரலைத் தலைநகரம் அமுக்குவது நமக்கு மட்டும் உரியதன்று போலும்.

ஹவாயின் கதையில் கைதட்டியவர்கள் வாசிக்க மறந்த மற்றொரு பக்கம் உண்டு. அத்தீவுகளில் வீட்டுக் கழிவுநீரை எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றி மண்ணுக்குள் இறக்கிவிடும் கழிவுக் குழிகள் 80,000-க்கும் மேல் உள்ளன. எரிமலைப் பாறையின் வெடிப்புகள் வழியே அந்நீர் நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டராய்க் கசிந்து கடலையும் நிலத்தடி நீரையும் சேர்கிறது. அதில் வரும் உரச்சத்தினால் களைப்பாசி செழித்துப் பவளத்தை மூடுகிறது. இக்குழிகளை மாற்றியாக வேண்டும் என்றும் ஹவாய் சட்டம் இயற்றியது. 2017-இல், அதாவது களிம்புச் சட்டத்துக்கு ஓராண்டு முன்னரே. கெடு எப்போது தெரியுமா? 2050! களிம்புக்கு இரண்டரை ஆண்டுக் கெடு. கழிவுக்கு முப்பத்து மூன்று ஆண்டுக் கெடு. டியூபைத் தடுப்பதற்கு அரசுக்குக் காசு செலவில்லை, விருந்தினருக்கும் வலியில்லை, படம் எடுத்துப் போட அழகாகவும் இருக்கிறது. குழி மாற்றக் குடும்பம் ஒன்றுக்குப் பல்லாயிரம் டாலர் வேண்டும். எது எளிதோ அதைச் செய்துவிட்டு, எது தேவையோ அதைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைப்பது அரசுகளின் பழைய பழக்கம்.

இதைச் சொன்னவுடன் மறுகோடியில் நிற்கும் நண்பர் ஒருவர் உற்சாகமடைவார். "பார்த்தீர்களா! பவளத்தைக் கொல்வது வெப்பம். உங்கள் களிம்புப் பேச்செல்லாம் வீண்" என்பார். அவர் சொல்வதில் முற்பாதி உண்மை. 1998, 2010, 2014 முதல் 2017 என மூன்று முறை உலகளாவிய வெளிறல் நேர்ந்தது. நான்காவது 2023-இல் தொடங்கி, 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வெளியான கணக்கின்படி, உலகப் பவளப்பாறைப் பரப்பில் ஏறத்தாழ 84 விழுக்காடு அதில் வெளிறல் அளவுக்கான வெப்பத்தைத் தாங்க நேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என மூச்சுவிட இடமின்றி வெளுத்தது. அங்கே எவரும் குளித்திராத தொலைதூரப் பாறைகளும் வெளுத்தன. அவற்றைக் கொன்றது களிம்பன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சூடாக்கிய காற்றே.

முற்பாதி உண்மை, பிற்பாதியோ சோம்பலின் வாதம். காய்ச்சலில் கிடப்பவனுக்கு அழுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எப்படியும் காய்ச்சலில்தானே சாகப்போகிறான்" என்று சொல்வோமா? வெளுத்துப் பாசியிழந்த பவளத்தையே களிம்பின் நஞ்சு எளிதில் தாக்கும் என்பதல்லவா மேலே கண்ட ஆய்வின் செய்தி? மக்கள் மொய்க்கும் ஒரு சிறிய விரிகுடாவில், அலை அதிகம் புகாத ஆழமற்ற நீரில், நாளொன்றுக்கு ஆயிரம் உடல்கள் கழுவிவிடும் களிம்பு அந்த விரிகுடாவின் பவளத்திற்குப் பெரிய செய்திதான். உலகின் தலைவிதியை அது மாற்றாது என்பதனால் அந்த விரிகுடாவின் உயிர் மலிந்துவிடாது. மேலும், கரையில் குளித்தால்தான் களிம்பு கடல் சேரும் என்பதில்லை. வீட்டுக் குளியலறையில் கழுவினாலும் சாக்கடை வழியே அது கடலைத்தான் நாடுகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் அதை முழுமையாக நீக்குவதில்லை.

நம் கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப் பார்கள் கிடக்கின்றன. 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே பவளத்தை அழித்தது எந்தச் சுற்றுலாப் பயணியின் களிம்பும் அன்று. நாம்தான் அழித்தோம். சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் கட்டடக் கல்லுக்கும் தோணி தோணியாய்ப் பவளத்தைப் பெயர்த்தோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் அதனால் நீருக்குள் மூழ்கிப்போயின. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயல் சிதைத்த ஆலயத்தின் சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தக் கற்களில் பவளத்தின் தேன்கூட்டுக் கண்கள் இன்றும் தெரியும். நாம் முழந்தாளிட்ட சுவர்களும் பவளத்தாலானவைதாம். 2001-இல் சட்டம் பவளத்தைக் காட்டுயிர்ப் பட்டியலில் சேர்த்த பின்பும் சில ஆண்டுகள் அகழ்வு நீடித்து, 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. ஓய்ந்தவுடன் பார்கள் தேறத் தொடங்கின. பின்பு 2010-இலும் 2016-இலும் கடல் கொதித்தது. 2016 வெளிறலில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சுருங்கியது. ஹவாயைக் குறை சொல்ல நாம் உயர்ந்த மேடையில் நிற்கவில்லை என்பதற்காகவே இதை இங்கு எழுதி வைக்கிறோம்.

இனி, நம்மவர் இக்களிம்பை எதற்காகப் பூசுகிறார்கள்? வெள்ளைத் தோலுடைய மக்களுக்கு வெயில் உண்மையான எமன். ஆஸ்திரேலியாவில் தோல் புற்று ஒரு பொதுநோய். அங்கே 1981 முதல் சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி அணி என்று மூன்றையும் சேர்த்தே மக்களுக்குச் சொல்லிவருகிறார்கள். அவர்களிடம் போய்க் களிம்பை விடு என்று சொல்வது கொடுமை. நமக்கோ, கரிய நிறத்தின் வழியே இயற்கை ஓரளவு காப்பை அளித்திருக்கிறது. தோல் புற்றின் அச்சம் நமக்கு மிகக் குறைவு. வெண்குட்டம் உள்ளோர், பிறவியிலேயே நிறமி அற்றோர், வெயில் பட்டால் நோய் மூளும் உடல்நிலை உள்ளோர் ஆகியோருக்குக் களிம்பு மருந்து. மருத்துவர் சொன்னபடி அவர்கள் பூசத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு விளம்பரம் விற்பது புற்றுநோய் அச்சத்தை அன்று. கறுத்துப்போவோம் என்னும் அச்சத்தை. முன்பு சிவப்பழகுக் களிம்பு விற்ற அதே கடை, அதே அலமாரி, அதே அச்சம். கறுப்பாயிருப்பதில் வெட்கப்படக் கற்றுக்கொடுத்து, அந்த வெட்கத்தைக் கழுவக் கடலையும் பணயம் வைக்கச் சொல்கிறார்கள். இது நமக்குச் சற்றும் பொறுக்கவில்லை.

ஆகவே நம் இளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, முதலில் துணி, அப்புறம்தான் களிம்பு." கணக்குப் போட்டுக் காட்டினோம். வளர்ந்த ஆள் ஒருவர் உடல் முழுதும் முறையாகப் பூச ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் களிம்பு வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். நீரில் நனைந்தால் உடனே மறுபடி. கணவனும் மனைவியும் ஒரு முற்பகலில் இருமுறை பூசினால் 120 மில்லிலிட்டர். அதில் கால் பங்கு, அவர்கள் ஆசையாய்ப் பார்க்கப்போகும் பவளத்தின் மேலேயே கரையும். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை இறங்கும் உடையும் அணிந்து நீரில் இறங்கினால், பூச மீதி இருப்பது முகமும் கழுத்தும் புறங்கையுமே. துணி கரைவதில்லை, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் நம் பெண்களைப் பார்த்ததுண்டா? சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பகலெல்லாம் வெயிலிலும் உப்பிலும் கிடக்கும் அவர்களுக்கு இந்த வித்தையை எந்த நிறுவனமும் கற்றுக்கொடுக்கவில்லை. (பூங்காவைக் காக்கிறோம் என்று சொல்லி முதலில் விரட்டப்பட்டவர்களும் அவர்களே என்பது வேறு கதை, அதற்குத் தனியே எழுத வேண்டும்.)

மீதியுள்ள முகத்துக்கும் கைக்கும் களிம்பு வேண்டுமென்றால், துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு மட்டுமே காப்புப் பொருளாக உள்ளதைத் தேட வேண்டும். வெள்ளைப் படலமாய் முகத்தில் தெரியும், தெரிந்தால் தெரியட்டும். இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டோம். படலம் தெரியாமலிருக்க இவற்றை மீநுண் துகள்களாக அரைத்துச் சேர்க்கிறார்கள். அத்தகைய நுண்துகள் துத்தநாகம் பவளத்துக்குக் கேடு செய்வதும் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. நுண்துகள் அல்லாதது என்று குறிப்பிட்டதைக் கேட்டு வாங்குவது மேல். தெளிப்பானை அறவே தவிர்க்கலாம். காற்றில் பறந்து பாதி மணலில் விழுகிறது, மணலிலிருந்து அலை அள்ளிக்கொள்கிறது. நீரில் இறங்கும் முன் கால் மணி நேரமாவது ஊறவிட வேண்டும்.

வாங்குவோர் தலையில் மட்டும் இத்தனையையும் ஏற்றுவது நியாயமா என்று கேட்பீர்களானால், இல்லை என்பதே நம் விடை. புதுமணத் தம்பதியர் பூதக் கண்ணாடியும் வேதியியல் அகராதியும் வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்பது அரசின் கடமையைக் குடிமகன் முதுகில் கட்டுவதாகும். இந்தியாவின் பெரும் பவளப் பரப்புகள் மன்னார் வளைகுடா மற்றும் பாக் விரிகுடா, கட்சு வளைகுடா, இலட்சத்தீவுகள், அந்தமான் நிக்கோபார் ஆகியவை. இவற்றில் பின்னிரண்டு இடங்களுக்கும் சுற்றுலாப் பயணிகளை அழைக்க ஆளுக்கொரு விளம்பரம் வருகிறது. அழைக்கிறவர்கள், படகில் ஏறுமுன் எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது என்று ஓர் அட்டையாவது மாட்டலாம் அல்லவா? 20,000 பேரைக்கூடக் கொண்டிராத பலாவுக்கு முடிந்தது, 140 கோடி மக்களுக்கு முடியாதா? பவளத்தின் பெயரைச் சொல்லி விற்பவர்கள், எந்தச் சோதனையின் பேரில் அப்பெயரைச் சொல்கிறார்கள் என்று டியூபிலேயே அச்சிட வேண்டும் என ஒரே ஒரு விதி வந்தால் போதும். பாதிக் கடைகளில் அந்தச் செந்நிறப் பவளக்கொடி ஓர் இரவில் மறைந்துவிடும்.

இளைஞர் அன்றிரவே கடைத்தெருவுக்கு ஓடி, இருவருக்கும் முழுக்கைச் சட்டை வாங்கி வந்தார். மனைவிக்குத்தான் சற்று மனத்தாங்கல். படத்தில் அழகாய் இருக்காதாம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, தாம் கண்ட மீன்களையும் பாறைகளையும் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். படகுத் துறையில் யாரும் எதையும் கேட்கவில்லை என்றார். கூட வந்த முப்பது பேரும் நீரில் இறங்கும் முன் வரிசையாய் நின்று தெளிப்பானால் தெளித்துக்கொண்டார்களாம். படகைச் சுற்றி எண்ணெய்ப் படலம் வானவில்லாய் மின்னிற்றாம். நீலநிற டியூபைத் திறக்காமலே நம்மிடம் விட்டுப்போனார். பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது என்று எதைக் கொண்டு எழுதினீர்கள் என்று கேட்டு, அதில் அச்சிட்டிருந்த முகவரிக்கு நாம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. விடை இன்னும் வரவில்லை.